ஒன்பதும் பதினேழும்

சென்னை
10 மார்ச் 2025

அண்ணனுக்கு,

உமா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று மாதம் ஆகிறது. மதினியின் காரியத்தன்று வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும், "இந்தப் படிய மிதிக்காத" என்றாய். மிதிக்கவில்லை. இப்போதும் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இது வேறு அவசரம்.

2023 மே மாதம் முத்தையாபுரம் சமுதாய நலக்கூடத்தில் என் ஆராய்ச்சிக்காக நாம் நடத்திய மார்பு ஸ்கேன் முகாம். இருபத்திரண்டு பெண்கள். நான் அரைமணி நேரம் மிஷினைப் பற்றி விளக்கி ஒருத்திக்கும் புரியாமல் போனபோது, நீதான் முன்னால் வந்து, "லைட்டு அடிச்சா உள்ள ரத்தம் லேசா சூடாகி ஒரு சத்தம் போடும். நம்ம காதுக்குக் கேக்காது, மிஷினுக்குக் கேக்கும். அந்தச் சத்தத்த வச்சு உள்ள இருக்கத படமா வரையும். அம்புட்டுதான்" என்றாய். நான்கு வருடம் படித்த எனக்கு அது வரவில்லை. உன் பேச்சை நம்பித்தான் அந்தப் பெண்கள் கட்டிலில் குப்புறப் படுத்து, துளை வழியாக மார்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள்.

முடிவு எதையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி. அது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லை. விதியை மீறியவள் நான். சாயங்காலம் மதினி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என்னளா, எனக்கு உள்ள எதும் இருக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல மதினி, சுத்தமா இருக்கு" என்றேன். "எல்லாத்துக்குமா?" என்றாள். "எல்லாத்துக்கும்தான்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம், சத்தத்திலிருந்து கம்ப்யூட்டர் படத்தைக் கட்டும் கணக்கைப் புதிதாக மாற்றி எழுதினேன். பழைய முகாமின் சத்தப் பதிவுகள் அப்படியே இருந்தன. அவற்றைப் புதிய கணக்கில் மறுபடியும் ஓட்டினேன். மதினியின் படத்தில் கட்டி தெரிகிறது, அண்ணே. நகக்கண் அளவு. அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஒன்பதாம் எண்ணிலும் பதினேழாம் எண்ணிலும் அதே மாதிரி தெரிகிறது.

மதினியின் மூன்றாம் எண் எனக்கு ஞாபகம் இருந்தது. மற்றவர்களுக்கு என்னிடம் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. பெயர் எழுதிய படிவங்கள் பேராசிரியரின் பீரோவில் பூட்டியிருக்கின்றன. "சோதித்துப் பார்க்காத கணக்கை வைத்து யாரையும் பயமுறுத்தாதே, நெறிமுறைக் குழு கூடட்டும்" என்கிறார். குழு கூட மாதக்கணக்கில் ஆகும். எந்த எண் யாருடையது என்று எழுதிய நோட்டு உன்னிடம் இருக்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். அந்த இரண்டு பெயரை மட்டும் எழுதி அனுப்பு. இல்லையென்றால் நீயே அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

உமா


முத்தையாபுரம்
21 மார்ச் 2025

உமாவுக்கு,

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டாய். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகுதான் யாருடையது என்று பார்த்தேன். இருபத்தாறு வருஷமாகத் துறைமுகத்தில் கண்டவன் சரக்குக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, அது பாட்டுக்குப் போட்டுவிட்டது.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். நகக்கண் அளவு என்கிறாய். எனக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த வருஷம் செப்டம்பரில் அவள் கைக்கு அது தட்டுப்பட்டபோது பட்டாணி அளவு இருந்தது. டாக்டரிடம் போவோம் என்றேன். "உமா பாத்துட்டாள்லா, நம்ம பிள்ளைக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரிஞ்சிரப் போவுது" என்றாள். பொங்கலுக்கும் அதையே சொன்னாள். ஏப்ரலில் தோலே இழுத்துக்கொண்ட பிறகு நான் சத்தம் போட்டுக் கூட்டிப் போனேன். டிசம்பரில் போய்விட்டாள். கடைசி மாதம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோதும் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

எங்கள் துறைமுகத்திலும் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. கண்டெய்னரைப் படம் எடுக்கும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், காகிதத்தில் ஏதாவது இடித்தால் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பான். படத்தை மட்டும் நம்பி எவனும் கேட்டைத் திறக்கமாட்டான். நீ அவ்வளவு படித்துவிட்டு, திறந்து பார் என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லையே.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் அவள் கையெழுத்து இருக்கிறது. மூடிவிட்டேன். பிறகு மறுபடியும் திறந்து, நீ சொன்ன இரண்டு எண்ணையும் பார்த்தேன். இரண்டு பேரையும் தெரியும். பதினேழு இருக்கிறாளே, அவள் மகளுக்கு இப்போதுதான் நிச்சயம் ஆகியிருக்கிறது. நான் போய் உனக்குப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் நிற்கும். சொன்ன பிறகு உன் படம் மறுபடியும் தப்பு என்றால்? முதலில் சுத்தம் என்றாய். இப்போது கட்டி என்கிறாய். உன் கம்ப்யூட்டர் அன்றைக்கு இருந்ததை அழித்தது. இன்றைக்கு இல்லாததை வரையவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

அதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

இசக்கிராஜா


சென்னை
28 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நீ கேட்டது சரியான கேள்வி. எங்கள் பேராசிரியர் கேட்டதும் அதைத்தான். பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

தொட்டிக்குள் கீழ்ப் பக்கத்தில் வளைவாக இருக்கும் உணரிகள் சத்தத்தைக் கேட்கின்றன. ஒரு சத்தம் இந்த உணரிக்கு எப்போது வந்தது, அந்த உணரிக்கு எப்போது வந்தது என்று பார்த்து, அது உள்ளே எந்த இடத்தில் பிறந்தது என்று கணக்குப் போட வேண்டும். இடி எங்கே விழுந்தது என்று நாம் மின்னலுக்குப் பிறகு எண்ணிப் பார்ப்போம் அல்லவா, அதே மாதிரிதான். அதற்குச் சத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். தண்ணீர் சூடேறினால் அதில் சத்தம் வேகமாக ஓடும். எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் எப்போதும் இருபத்தைந்து டிகிரி. அந்த வேகத்தையே கணக்கில் எழுதிவைத்திருந்தேன். முத்தையாபுரத்திலும் அதையே வைத்துப் படம் கட்டினேன்.

வேகம் தப்பானால் ஒரு புள்ளி ஒரே இடத்தில் விழாது. பிளந்து இரண்டு கீற்றாகத் தெரியும். நம் மிஷினில் உணரிகள் கீழ்ப் பக்கம் மட்டும்தான், அதனால் சாதாரணமாகவே படத்தில் பொய்க் கீற்றுகள் வரும். அவற்றைத் துடைத்து எடுக்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். அதற்கு எனக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். மதினியின் கட்டி இரண்டு கீற்றாகப் பிளந்து கிடந்தது. என் நிரல் அதைப் பொய் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. சுத்தமாக இருக்கு என்று நான் சொன்னது அப்படி வந்த சுத்தம்.

புதிய கணக்கில் வேகத்தை நான் சொல்வதில்லை. எந்த வேகத்தை வைத்தால் படம் கூர்மையாக விழுகிறதோ அதை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். அது எடுத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

இதை உண்மையா என்று சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். முகாமுக்கு முன்னால் நான் உன்னிடம், பன்னிரண்டு கேன் தண்ணீர் வாங்கி, ஏ.சி. அறையில் முந்தின நாளே வைத்து, அதைத்தான் தொட்டிக்கு விட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். தொட்டிக்குத் தண்ணீர் விட்டது நீ. நான் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட எழுந்து வந்து தொட்டியில் கை வைத்துப் பார்க்கவில்லை.

அந்தக் கேன் தண்ணீரையே விட்டாய் என்றால் புதிய கணக்கு தப்பு, ஒன்பதும் பதினேழும் வெறும் பொய்ப் புள்ளிகள், யாரையும் பயமுறுத்த வேண்டாம். வேறு தண்ணீர், சூடான தண்ணீர் என்றால் புதிய படம் சரி. அந்த இருவரையும் உடனே கூட்டிப் போக வேண்டும்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் தப்பு என்னுடையதுதான். ஒரு வெப்பமானியைத் தொட்டியில் தொங்கவிட எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பயப்படாமல் எழுது.

உமா


முத்தையாபுரம்
9 ஏப்ரல் 2025

உமாவுக்கு,

நீ சொன்ன கேன் தண்ணீர்தான். பன்னிரண்டும் ஏ.சி. அறையிலேயே இருந்தது. கடைசிவரை அதைத்தான் விட்டோம்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

இசக்கிராஜா


சென்னை
16 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கேன் தண்ணீர் என்றால் புதிய கணக்கு தப்பு என்று ஆகிறது. பேராசிரியரிடம் இன்று சொல்லிவிட்டேன். "நல்ல வேளை, அவசரப்படவில்லை" என்றார். இந்த முகாமின் பதிவுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஆய்வகத்தில் எடுத்த பதிவுகளை மட்டும் வைத்துக் கட்டுரையை எழுதச் சொல்கிறார். அப்படியே செய்யப்போகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உன் நான்கு வரியைப் படித்ததும் எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. மதினியின் கட்டியும் பொய்ப் புள்ளிதான், அன்றைக்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்காது, பிறகு வந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். இந்த நான்கு மாதத்தில் நேற்றுத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நம்பரை எப்போதாவது திறந்துவிட்டால் ஒரு மிஸ்டு கால் கொடு.

உமா


முத்தையாபுரம்
30 ஜூன் 2025

உமா,

நம்பரைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். கூப்பிடவும் செய்தேன், நீ எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாது. எழுதினால் முடிகிறதா பார்க்கிறேன்.

நான் பொய் எழுதினேன். அது மாடித் தொட்டித் தண்ணீர்.

கேன் பன்னிரண்டும் வந்தது, நீ சொன்னபடியே ஏ.சி.யில் வைத்தேன். முதல் இரண்டு பேருக்கு அதைத்தான் விட்டேன். இரண்டு பேரும் வெளியே வந்து உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். வரிசையில் இருந்த நாலைந்து பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். உன் மதினி வடிவு என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, "ஏங்க, ஐசுல மார வச்ச மாதிரி இருக்குங்காளுவ. இப்படி இருந்தா ஒருத்தியும் படுக்கமாட்டா, உமா பாவம், மெட்ராஸ்லருந்து இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்திருக்கா. மாடித் தொட்டியில தண்ணி வெதுவெதுன்னு கெடக்கும். ஹோஸ போட்டு அத விடுங்க. மொதல்ல நான் படுக்கேன், என்னப் பாத்து மத்தவளுவ வருவாளுவ" என்றாள். நான் ஹோஸைப் போட்டேன். தண்ணீர்தானே, இதற்குப் போய் உன்னை எழுப்பிக் கேட்பானேன் என்று நினைத்தேன். அவள் படுத்து எழுந்து வந்து, "நல்லா இருக்குளா, சுகமா இருக்கு" என்று எல்லோரையும் கையைப் பிடித்து அனுப்பினாள். மிச்சம் இருந்த கேன் தண்ணீரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் குடிக்க வைத்தோம்.

உன் கடிதத்தில் தண்ணீர் என்ற வார்த்தை வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதில் எழுதப் பத்து நாள் பேனாவை எடுப்பேன், வைப்பேன். பயப்படாமல் எழுது என்று நீ எழுதியிருந்தாய். நான் பயந்தேன். வடிவைக் கொன்றது நீ என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும் எனக்குச் சோறு இறங்கியது, வேலைக்குப் போனேன், நாலு பேரிடம் பேசினேன். அதை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? கேன் தண்ணீர் என்று எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு எடுத்துவிடலாமா என்று அந்தத் தபால் பெட்டி முன்னாலேயே பஸ் வருகிறவரை நின்றேன்.

பதினேழாம் எண் பேச்சிச்செல்வி. அவள் புருஷன் ராஜபாண்டி நிலக்கரி லாரி ஓட்டுகிறவன், நீ பார்த்திருப்பாய். வைகாசியில் அவள் மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் போயிருந்தேன். அவளே முன்னால் நின்று எனக்குப் பரிமாறினாள். பாயசத்தை இன்னொரு தடவை ஊற்றப் போனவள், பாத்திரத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி பஸ் ஸ்டாப்பில் அவளாகவே வந்தாள். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும், ஆம்பளையிட்டக் கேக்கக் கூச்சமா இருக்கு. கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது, கை தூக்கினா வலிக்கி. நம்ம உமா மிஷின்லதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாள்லா, அதான் பேசாம இருக்கேன். இருந்தாலும் ஒரு வார்த்த அவகிட்ட கேட்டுச் சொல்லுதீயளா?" என்றாள்.

வடிவு சொன்ன அதே பேச்சு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து நேரே ஒன்பதாம் எண் ஜீவமணி வீட்டுக்கும் போனேன். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சண்டை போட்டாள். காலில் விழாத குறையாகக் கூட்டிப் போனேன். ஜீவமணிக்கு இருந்தது. கையால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது என்றார் டாக்டர், ஸ்கேனில்தான் கண்டார்கள். நீ எழுதியது சரிதான். போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்தது, பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

பேச்சிச்செல்விக்கு ஈரல்வரை போய்விட்டது.

ஏப்ரலில் வந்திருந்தால் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. நேற்று அவளிடமும் ராஜபாண்டியிடமும் தண்ணீரைப் பற்றியும், உனக்கு நான் எழுதிய பொய்யைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்துத்தான் போனேன். அவன் எழுந்து லாரிப் பக்கம் போய்விட்டான். அவள்தான், "நீங்க வேணும்னேயா செஞ்சீய, அண்ணாச்சி?" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு இருப்பதற்கு அவன் அடித்திருக்கலாம்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். முன்னால் மாதிரி என் மனசுக்காகச் சொல்லாதே. நான் அன்றைக்கு ஹோஸைப் போடாமல் இருந்திருந்தால் வடிவின் கட்டி உன் படத்தில் தெரிந்திருக்குமா?

அண்ணன்


சென்னை
3 ஜூலை 2025

அண்ணனுக்கு,

தெரிந்திருக்கும். இருபத்தைந்து டிகிரித் தண்ணீரில் அது ஒரே புள்ளியாக விழுந்திருக்கும், என் நிரல் அதைத் தொட்டிருக்காது. நீ கேட்டதால் சொல்கிறேன். உனக்கு அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்த நான் எழுந்து வந்து கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது நீ எழுதியதைவிட மோசமானது.

மார்ச் மாதக் கடிதத்தில், முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் என்று பொத்தாம்பொதுவாக எழுதினேன். முழுக் கணக்கை உனக்கு எழுதவில்லை. நீயாகச் சொன்னால்தான் அது சாட்சி, நான் எடுத்துக்கொடுத்துச் சொன்னால் சாட்சி இல்லை என்று வேண்டுமென்றேதான் மறைத்தேன். புதிய கணக்கு முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இருபத்தைந்து டிகிரி என்று சொல்லியிருந்தது. மூன்றாம் எண்ணில் திடீரென்று முப்பத்தைந்தரை. ஒன்பதில் முப்பத்தாறு. பதினேழில் முப்பத்தெட்டு. கடைசி எண்ணில் ஒரு டிகிரி இறங்கியிருந்தது. அது மே மாத வெயில் ஏறி இறங்குகிற கணக்கு. தப்பான நிரல் அப்படி வரிசையாக, காலையும் மத்தியானமும் பார்த்துத் தப்புச் செய்யாது. இரண்டாவது பெண்ணுக்கும் மூன்றாவது பெண்ணுக்கும் நடுவில் யாரோ தண்ணீரை மாற்றியிருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உன் நான்கு வரியை ஏப்ரலில் கையில் வைத்துக்கொண்டு, அந்த எண்களையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டால் மதினியின் கட்டியும் இல்லாமல் போகிறது, நான் சொன்ன "சுத்தமா இருக்கு" என்ற வார்த்தையும் பொய் இல்லாமல் போகிறது. அதனால் எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் எண்ணும் பதினேழாம் எண்ணும் அன்றைக்கு எனக்கு வெறும் எண்கள். பேச்சிச்செல்வி என்று பெயர் தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். செய்திருக்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்று காலை இவை அனைத்தையும் எழுதி, ஏப்ரல் பதினாறாம் தேதி உட்பட, பேராசிரியரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பீரோவைத் திறந்து படிவங்களைக் கொடுத்தார். எனக்கு வேலை இருக்குமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாடித் தண்ணீரில் படுத்தவர்கள் இருபது பேர். மூன்று பேர் போக மற்ற பதினேழு பேரின் புதிய படத்திலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று இனி என் வாயால் ஒருத்தியிடமும் சொல்லமாட்டேன். முதல் இருவரையும் சேர்த்து எல்லோரும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கட்டும். ஏன் பார்க்க வேண்டும் என்று வீடு வீடாக வந்து நான் சொல்கிறேன். நீ தெருவைக் காட்டினால் போதும்.

சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவேன். முதலில் பேச்சிச்செல்வி அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். நீ அவளிடம் சொன்னது பாதிதான், அண்ணே. உன் பொய்யை நம்பி நான் ஏமாந்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். நான் ஏமாறவில்லை என்பதை அவள் உயிரோடு இருக்கும்போதே, அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.

உமா